‘ஆம்’ என்றால் திறக்கும் கட்டம்



இன்றைய பேச்சு பாரங்களைப் பற்றியது. பாரம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு சலிப்பு வருகிறது. பள்ளிக்கூடத்தில் பாரம், ஆஸ்பத்திரியில் பாரம், உதவித் தொகைக்குப் பாரம், அடையாளக் கார்டுக்குப் பாரம். தோட்டத்தில் இருந்த காலத்தில் கிராணி ஐயா எழுதிக் கொடுத்துவிடுவார். நாம் கைநாட்டோ கையெழுத்தோ வைத்தால் போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்ட பிறகு அந்தக் கிராணி ஐயா இல்லை. தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும் இன்று பெரும்பாலான பாரங்கள் கைத்தொலைபேசி வழியாகத்தான் வருகின்றன. ஆகவே பாரம் எப்படி வேலை செய்கிறது என்பதை நாமே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதிலும் ஒரு குறிப்பிட்ட விஷயத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். சில கட்டங்கள் எல்லாருக்கும் தெரிகின்றன. சில கட்டங்கள் சிலருக்கு மட்டுமே தெரிகின்றன. அது ஏன்?

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒரு தாய் தன் மகனிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, “தம்பி, இந்த உதவித் தொகை பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பா” என்கிறார். மகன் ‘திருமணமானவர்’ என்ற இடத்தை அழுத்துகிறான். உடனே கீழே புதிதாக நாலைந்து கட்டங்கள் முளைக்கின்றன. கணவர் பெயர், அடையாளக் கார்டு எண், வேலை, வருமானம். தாய் திகைத்துப் போகிறார். “ஏம்ப்பா, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டபோது இதெல்லாம் வரவே இல்லையே?” என்கிறார். “அவங்க கணவரை இழந்தவங்கன்னு போட்டாங்கம்மா, அதனால அவங்களுக்கு வராது” என்கிறான் மகன்.

அவன் சொன்னது சரி. அந்தக் கட்டங்கள் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை. நிபந்தனை நிறைவேறினால் தோன்றும்; இல்லாவிட்டால் மறைந்திருக்கும்.

இது ஏதோ கணினி வந்தபின் பிறந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த ஒன்றுதான். விடியற்காலைப் பிரட்டை நினைத்துப் பாருங்கள். மழை பெய்து மரப்பட்டை நனைந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நனைந்திருந்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. எந்த நிரை யாருக்கு, யார் வரவில்லை, அவர் மரத்தை யார் வெட்டுவது என்ற கேள்விகள் எழவே மாட்டா. அதற்குப் பதிலாக வேறு கேள்விகள் எழும். புல் வெட்டப் போவதா, உரம் போடப் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா? முதல் கேள்வியின் பதில்தான் அடுத்த கேள்விகளைத் தீர்மானிக்கிறது. அந்த முதல் கேள்வியை நாம் ‘வாசல் கேள்வி’ என்று வைத்துக்கொள்வோம். வாசல் திறந்தால்தான் உள்ளே இருக்கும் அறைகள் தெரியும்.

காகிதப் பாரங்களிலும் இதே ஏற்பாடு உண்டு. காகிதத்தில் எதையும் மறைக்க முடியாது. ஆகவே எல்லாக் கட்டங்களையும் அச்சிட்டுவிட்டு, யார் எதை நிரப்ப வேண்டும் என்று மலாய் மொழியில் குறிப்புக் கொடுத்திருப்பார்கள். அந்தக் குறிப்புகளில் சிலவற்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பாரம் முடிந்த மாதிரி.

‘ஜிக்கா யா’ என்றால் ‘ஆம் என்றால்’. ‘ஜிக்கா திடாக்’ என்றால் ‘இல்லை என்றால்’. ‘சிலா கெ பஹாகியான்’ என்று சொல்லி ஓர் எழுத்தைப் போட்டிருந்தால், ‘அந்தப் பகுதிக்குப் போங்கள்’ என்று பொருள். ‘திடாக் பெர்க்கெனாஆன்’ என்றால் ‘தொடர்பில்லை’. ‘போத்தோங் யாங் திடாக் பெர்க்கெனாஆன்’ என்றால் ‘உங்களுக்குத் தொடர்பில்லாததை அடித்துவிடுங்கள்’. ‘உந்துக் கெகுனாஆன் பெஜாபாட்’ என்று எழுதியிருக்கும் இடம் அலுவலகத்தின் உபயோகத்துக்கு உரியது. அங்கே நாம் ஒன்றும் எழுதக்கூடாது.

பலர் செய்யும் தவறு, தங்களுக்குத் தொடர்பில்லாத கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவது. வெறும் கட்டத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வரும். இவர் மறந்துவிட்டாரா? மறைக்கிறாரா? அல்லது இவருக்கு இது பொருந்தாதா? இந்த மூன்றில் எது என்று வெறும் கட்டம் சொல்லாது. ஆகவே பொருந்தாத இடத்தில் ஒரு கோடு இழுங்கள், அல்லது ‘திடாக் பெர்க்கெனாஆன்’ என்று எழுதுங்கள். அப்போது, ‘நான் இந்தக் கேள்வியைப் படித்தேன், இது எனக்குரியதன்று’ என்று நீங்கள் சொன்னதாகிறது.

இனிக் கணினிக்கு வருவோம். கணினிப் பாரத்தில் வாசல் கேள்விக்கு நீங்கள் பதில் அழுத்தியதும், உள்ளே எழுதி வைத்திருக்கும் ஒரு விதியைக் கணினி பார்க்கிறது. ‘பதில் திருமணமானவர் என்றால் துணைவர் பகுதியைக் காட்டு, இல்லாவிட்டால் மறை.’ இவ்வளவுதான் விதி. ‘என்றால்’, ‘இல்லாவிட்டால்’ என்ற இரண்டு சொற்களின் மேல் முழுக் கட்டடமும் நிற்கிறது.

சில இடங்களில் ஒரு நிபந்தனை போதாது. இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு பிள்ளைக்கு வயது 12 நிறைந்திருக்க வேண்டும், அதோடு அடையாளக் கார்டு இல்லாமலும் இருக்க வேண்டும். இரண்டும் உண்மையானால் மட்டுமே, ‘ஏன் இன்னும் எடுக்கவில்லை?’ என்ற கேள்வி தோன்ற வேண்டும். இப்படி ‘இதுவும் அதுவும்’, ‘இதுவோ அதுவோ’, ‘இது அல்ல’ என்ற மூன்று இணைப்புகளைக் கொண்டே எவ்வளவு சிக்கலான முடிவையும் கணக்குப்போல எழுதலாம் என்று காட்டியவர் ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர். அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், 1854ஆம் ஆண்டில் தமது நூலில் இதை விளக்கினார். அப்போது கணினி என்ற பொருளே கிடையாது. இன்று உங்கள் கையிலுள்ள தொலைபேசி அந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

இந்த ஏற்பாட்டில் நன்மை இருக்கிறது. நம்மைச் சேராத கேள்விகளுக்கு நாம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாரம் சுருக்கமாக இருக்கிறது. தவறான இடத்தில் எழுதும் ஆபத்தும் குறைகிறது.

ஆனால் ஒரு தீமையும் இருக்கிறது. காகிதத்தில் நமக்குக் கேட்கப்படாத கேள்வியையும் நாம் கண்ணால் பார்க்கலாம். ‘அட, இப்படி ஒரு சலுகை இருக்கிறதா? இது நமக்குப் பொருந்துமா?’ என்று கேட்கலாம். தொலைபேசியில் அது முடியாது. வாசலில் ஒரு தவறான பதிலை அழுத்திவிட்டால், உள்ளே இருக்கும் அறை நமக்குத் தெரியவே தெரியாது. எதை இழந்தோம் என்பதைக்கூட அறியாமல் பாரத்தை அனுப்பிவிடுவோம்.

2012ஆம் ஆண்டில் ‘பிரிம்’ என்ற பெயரில் தொடங்கிய உதவித் தொகைத் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 2023ஆம் ஆண்டில் அதற்குச் ‘சும்பாங்கான் துனாய் ரஹ்மா’ என்று பெயர் வந்தது. இப்படிப்பட்ட உதவித் தொகை பாரங்களில் குடும்ப நிலை என்ன என்பதுதான் பெரிய வாசல் கேள்வி. தனித்து வாழ்பவருக்கு ஒரு பகுதி, துணைவர் உள்ளவருக்கு ஒரு பகுதி, பிள்ளைகள் உள்ளவருக்கு ஒரு பகுதி. ஆகவே அவசரத்தில் வாசலைத் தாண்டாதீர்கள். பதிலை அழுத்தியபின் கீழே என்ன வருகிறது என்று பாருங்கள். எதிர்பார்த்தது வராவிட்டால் மேலே போய் அந்தப் பதிலை மறுபடியும் படியுங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னது நேரத்தையும் பணத்தையும் பற்றியது. இனிச் சொல்லப் போவது பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றியது. நமது சமூகத்தில் மிகப் பெரிய துன்பத்தை உண்டாக்கியிருக்கும் ஒரு நிபந்தனைக் கட்டம் எது தெரியுமா? பிறப்புப் பதிவில் இருக்கும் ‘தந்தையின் விவரம்’ என்ற கட்டம்தான்.

அது எல்லாருக்கும் உள்ள கட்டம்தானே என்று கேட்பீர்கள். அச்சில் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் அது நிரம்புவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பெற்றோர் சட்டப்படி கணவன் மனைவியாக இல்லாவிட்டால், பதிவதிகாரி எவர் பெயரையும் தந்தை என்று எழுதக்கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு. தாயும், ‘நான்தான் தந்தை’ என்று ஒப்புக்கொள்ளும் ஆணும் கூட்டாகக் கேட்டுக்கொண்டு, இருவரும் கையெழுத்திட்டால் எழுதலாம். அப்படி நடக்காவிட்டால் அந்த இடத்தில், ‘மக்லுமாட் திடாக் டிப்பெரோலெஹி’, அதாவது ‘விவரம் பெறப்படவில்லை’ என்ற வாசகம் விழுகிறது.

இங்கே நமது வழக்கம் குறுக்கே வருகிறது. ஊரறிய, உறவறிய, மாரியம்மன் சந்நிதியில் தாலி கட்டினோம். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 1976ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அமலுக்கு வந்தது. அந்நாளுக்கு முன்பு நமது வழக்கப்படி செல்லுபடியாக நடந்த திருமணங்களை, பதிவு செய்யப்பட்டவை போலவே அச்சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அந்நாளுக்குப் பின் நடக்கும் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் தாத்தா பாட்டிக்குத் தாலி மட்டும் போதுமாக இருந்தது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் தாலியோடு பதிவும் வேண்டும். சில ஆலயங்களில் திருமண உதவிப் பதிவதிகாரிகள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். மணமேடைக்கு நாள் குறிக்கும்போதே அதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்போது இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் குழந்தையின் குடியுரிமை நிலையும் எழுதப்படுகிறது. மலேசியாவில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால் குடியுரிமை உண்டு என்று நமது அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. ஆனால் அதே அட்டவணையின் 17ஆவது பிரிவின்படி, சட்டப்படி மணமாகாத பெற்றோரின் குழந்தைக்குத் தந்தை என்ற இடத்தில் தாயைத்தான் பார்க்க வேண்டும். குழந்தை தாயின் நிலையைப் பின்பற்றுகிறது.

இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்று சேரும்போது என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். செபராங் பிறையில் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் குழந்தை லயத்திலேயே பிறந்தாள். மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தார். யாரும் போய்ப் பதியவில்லை. அவள் வளர்ந்தாள்; பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாளக் கார்டும் கிடைக்கவில்லை. கோயிலில் திருமணம் நடந்தது. கணவரிடம் நீல நிற அடையாளக் கார்டு இருக்கிறது; அவர் குடிமகன். ஆனால் மனைவியிடம் கார்டு இல்லாததால் திருமணத்தைப் பதிய முடியவில்லை. பதிவு இல்லாததால் குழந்தை பிறந்தபோது தாயின் நிலையே பார்க்கப்பட்டது. தாய்க்குப் பத்திரம் இல்லை. ஆகவே குழந்தையின் பத்திரத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்று விழுந்தது. தந்தை குடிமகனாக இருந்தும், ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றும், பயனில்லை.

யோசித்துப் பாருங்கள். பாட்டி காலத்தில் திறக்காமல் விட்ட ஒரு வாசல், பேரப்பிள்ளை காலத்தில் மூன்றாவது அறையைப் பூட்டிவிட்டது. அந்தப் பிள்ளை 12 வயதில் மற்றப் பிள்ளைகளைப் போல் அடையாளக் கார்டு எடுக்கப் போக முடியாது. பிறகு வேலை, வங்கிக் கணக்கு, திருமணம் எல்லாவற்றிலும் அதே கேள்வி வந்து நிற்கும். இதைச் சரிசெய்யத்தான் 2011ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்ற இயக்கமும், 2017ஆம் ஆண்டில் அதன் பெரிய சுற்றும் நமது மக்களிடையே நடத்தப்பட்டன. பலர் அப்போது மனுச் செய்தார்கள். இன்னும் செய்யாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே வாசல்களைச் சரியான வரிசையில் திறக்க வேண்டும். முதலில் தாய்க்கும் தந்தைக்கும் உரிய பத்திரங்கள். அடுத்தது திருமணப் பதிவு. அதன் பின்பே குழந்தையின் பிறப்பு. இந்த வரிசை முக்கியம். ஏனென்றால் குழந்தை பிறந்தபின் பெற்றோர் திருமணத்தைப் பதிந்தால், 1961ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தின் கீழ் அக்குழந்தையை முறைப்படியான பிள்ளையாக ஏற்க வழி உண்டு. ஆனால் குடியுரிமைக் கேள்விக்கு அது தானாகப் பதிலாகிவிடுவதில்லை. அதற்குத் தனியே மனுச் செய்ய வேண்டிவரும்.

தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். காலம் கடந்தால் ‘தாமதப் பதிவு’ என்று வேறு பாதையில் போக வேண்டும். அங்கே கேள்விகள் அதிகம், சாட்சிகள் அதிகம், காத்திருப்பதும் அதிகம். 60 நாள் என்பதும் ஒரு நிபந்தனைதான். உள்ளே வந்தால் சின்னப் பாரம். வெளியே போனால் பெரிய விசாரணை.

ஏற்கனவே ‘குடிமகன் அல்லர்’ என்று பத்திரம் பெற்ற பிள்ளைகளுக்கு, அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் அரசாங்கத்திடம் மனுச் செய்ய வழி இருக்கிறது. தேசியப் பதிவு இலாகாவில் மனுவைக் கொடுக்க வேண்டும். நீண்ட காலமாக அதற்கு வயது வரம்பு 21 என்று இருந்தது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் அந்த வரம்பை 18 ஆகக் குறைக்க வகை செய்தது. ‘பையன் படித்து முடிக்கட்டும், பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். பிள்ளை சிறு வயதில் இருக்கும்போதே இலாகாவுக்குப் போய்க் கேளுங்கள்.

நேயர்களே, இதுவரை பிறர் அமைத்த பாரங்களைப் பார்த்தோம். இனி நாமே ஒன்றை அமைப்போம். உங்கள் தோட்டத்திலோ குடியிருப்பிலோ ஒரு கோயில் கமிட்டி இருக்கும், அல்லது தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் இருக்கும். ‘நம்மில் யார் யாருக்குப் பத்திரக் குறை இருக்கிறது?’ என்று கணக்கெடுக்க விரும்புகிறீர்கள். படித்த தம்பி தங்கைகள் இதைக் கைத்தொலைபேசியிலேயே செய்யலாம். ஆனால் தொலைபேசியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளையும் எழுதுங்கள். எல்லாரிடமும் கேட்க வேண்டியவற்றுக்கு ஒரு வட்டம் போடுங்கள். சிலரிடம் மட்டும் கேட்க வேண்டியவற்றுக்கு ஒரு சதுரம் போடுங்கள்.

இரண்டாவது வேலை: ஒவ்வொரு சதுரத்துக்கும் அதன் வாசலைக் கண்டுபிடியுங்கள். ‘எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தார்?’ என்பதற்கு வாசல், ‘ஆஸ்பத்திரியில் பிறந்தாரா, வீட்டில் பிறந்தாரா?’ என்பது. வாசல் கேள்வி எப்போதும் அதன் அறைக்கு முன்னால் வர வேண்டும்.

மூன்றாவது வேலை: வாசல் கேள்விக்குப் பதில்களை நீங்களே வரிசையாகக் கொடுங்கள். எழுதச் சொல்லாதீர்கள். ஒருவர் ‘இல்லை’ என்று எழுதுவார், ஒருவர் ‘கிடையாது’ என்பார், இன்னொருவர் ‘தொலஞ்சிருச்சு’ என்பார். மனிதருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது.

நான்காவது வேலைதான் மிக முக்கியமானது. பதில்களில் எல்லா மனிதருக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிறப்புப் பத்திரம் உண்டா? ஆம், இல்லை’ என்று இரண்டை மட்டும் கொடுத்தால் போதாது. இருக்கிறது, இருந்து தொலைந்துவிட்டது, எடுத்ததே இல்லை, தெரியாது என்று நான்கு வேண்டும். தொலைந்தவருக்கு நகல் வாங்கும் வழி. எடுக்காதவருக்குத் தாமதப் பதிவு வழி. இருவரையும் ‘இல்லை’ என்ற ஒரே வாசலில் தள்ளினால் இருவருக்கும் தவறான அறை திறக்கும். திருமணக் கேள்வியும் அப்படித்தான். ‘மணமானவர்’, ‘மணமாகாதவர்’ என்று இரண்டு மட்டும் இருந்தால், கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் இருக்கும் பெண் எதை அழுத்துவாள்? அவளுக்கு ஒரு தனிப் பதில் வேண்டும். அவளைத் தேடித்தானே இந்தக் கணக்கையே எடுக்கிறோம்!

ஐந்தாவது வேலை: தாளில் ஒரு மரம் வரையுங்கள். அடிமரம் பெயர், வயது. அதிலிருந்து கிளைகள். ஒவ்வொரு கிளையும் எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். முடிவில்லாமல் தொங்கும் கிளை இருந்தால் அங்கே ஒரு மனிதர் மாட்டிக்கொள்வார்.

இனித் தொலைபேசிக்கு வரலாம். 2008ஆம் ஆண்டில் வந்த கூகுள் பாரம் காசில்லாமல் கிடைப்பது. அதில் ஒவ்வொரு கிளையையும் ஒரு தனிப் ‘பகுதி’யாக அமைத்துக்கொள்ளுங்கள். வாசல் கேள்வியை, பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வகையாக வையுங்கள். பல பதில்களைக் குறிக்கும் வகையில் இந்த ஏற்பாடு வேலை செய்யாது. கேள்வியின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், ‘பதிலைப் பொறுத்துப் பகுதிக்குச் செல்’ என்ற வசதி இருக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே அது போக வேண்டிய பகுதியைக் குறித்துவிடுங்கள்.

இங்கே புதியவர்கள் தவறுவது ஓரிடத்தில்தான். கிளைக்கு அனுப்பத் தெரிகிறது. கிளையிலிருந்து திருப்பி அழைக்க மறந்துவிடுகிறார்கள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதிக்குப் பாரம் தானாகப் போய்விடும். பத்திரம் தொலைத்தவர் தம் பகுதியை முடித்ததும், பத்திரமே எடுக்காதவரின் பகுதிக்குள் நுழைந்து குழம்புவார். ஆகவே ஒவ்வொரு பகுதியின் அடியிலும், ‘இதற்குப் பிறகு எங்கே?’ என்பதையும் குறிக்க வேண்டும்.

உள்காட்டுத் தோட்டங்களில் அலைவரிசை சரியாகக் கிடைக்காது. அங்கே ‘கோபோ’ என்ற இலவசக் கருவி உதவும். உலகில் பேரிடர் நிவாரணம் செய்யும் பல அமைப்புகள் அதைப் பயன்படுத்துகின்றன. இணையம் இல்லாத இடத்தில் பதில்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, அலைவரிசை கிடைத்ததும் அனுப்பலாம். அதில் நிபந்தனைக் கட்டங்கள் அதே பக்கத்தில் கேள்விக்குக் கீழே தோன்றும்படி அமைக்கலாம்.

அமைத்து முடித்ததும் உடனே ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். நீங்களே நான்கு மனிதர்களாக வேடம் போட்டுப் பாருங்கள். பத்திரம் உள்ளவராக ஒருமுறை, தொலைத்தவராக ஒருமுறை, எடுக்காதவராக ஒருமுறை, தெரியாதவராக ஒருமுறை நிரப்புங்கள். பிறகு பாதியில் மனம் மாறுபவராக ஒருமுறை. முதலில் ‘எடுக்கவில்லை’ என்று அழுத்தி விவரங்களை எழுதிவிட்டு, மேலே போய் ‘இருக்கிறது’ என்று மாற்றுங்கள். மறைந்துபோன கட்டத்தில் எழுதியது கணக்கில் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்கள் அதை அழித்துவிடும், சில வைத்துக்கொள்ளும். வைத்துக்கொண்டால் பத்திரம் உள்ளவர் பெயர் இல்லாதவர் பட்டியலில் ஏறிவிடும். இன்னொன்று, மறைந்திருக்கும் கட்டம் கட்டாயக் கட்டமாக இருந்தால் சில பாரங்கள் அனுப்பவே விடாது. ‘நிரப்பாத இடம் இருக்கிறது’ என்று சொல்லும். எந்த இடம் என்று காட்டாது. அப்போது பாட்டிக்கு மட்டுமா, படித்த பேத்திக்கும் அழுகைதான் வரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தேவையில்லாததைக் கேட்காதீர்கள். யாருக்கு உதவி தேவை என்று அறிய, ‘கார்டு இருக்கிறதா, என்ன நிறம்?’ என்று கேட்டால் போதும், எண் வேண்டாம். பத்திரம் இல்லாதவர்களின் பட்டியல் தவறான கைக்குப் போனால் அவர்களுக்கே ஆபத்து. யார் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம் என்று கமிட்டியில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். தொலைபேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்கு அதே மரத்தைத் தாளில் அச்சடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்பு நேயர்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியைத் திறந்து வீட்டில் உள்ள எல்லாருடைய பிறப்புப் பத்திரத்தையும் வெளியே எடுங்கள். தந்தையின் விவரம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? குடியுரிமை நிலை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? உங்கள் திருமணப் பத்திரம் எங்கே? எல்லாம் சரியாக இருந்தால் மகிழ்ச்சி. பத்திரமாக மடித்து வையுங்கள். ஏதேனும் குறை இருந்தால் மறைக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். அடுத்த விடுமுறை நாளுக்காகவும் காத்திருக்க வேண்டாம். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கையில் இருக்கும் அத்தனை காகிதங்களையும் எடுத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போங்கள். படித்த பிள்ளை ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.